உன் அம்மாவின் முகத்துக்கு நான் செய்தது

தம்பி,

நீ கைப்பேசியில் அனுப்பிய செய்திக்கு இரண்டு வாரமாக நான் பதில் போடவில்லை. நீயும் பொறுத்துப் பார்த்து இரண்டு தடவை வெறும் கேள்விக்குறி அனுப்பிவிட்டாய். 'சரிப்பா' என்று தட்டிவிட்டிருந்தால் முடிந்திருக்கும். இத்தனை வருஷமாக எதையும் அப்படித்தான் கடந்து வந்திருக்கிறேன். இந்தத் தடவை விரல் வரவில்லை. அதனால் லூனாஸ் கடைத்தெருவில் ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் என்மேல் உனக்கு என்ன தோன்றுகிறதோ, அதை எனக்காக மறைக்க வேண்டாம்.

நீ எழுதியது இதுதான்: "அப்பா, கல்யாணத்துக்கு மேக்கப் போடுற அக்காகிட்ட அம்மாவுக்கும் சேத்துச் சொல்லிட்டேன். ரெண்டு ஷேட் வெளுப்பா போட்டா அந்தக் கறுப்புத் திட்டெல்லாம் தெரியாதாம். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ ஃபேஷியலுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க லா. ஸ்டெல்லா வீட்டு ஆளுங்க பண்டார் பாருவுல இருந்து ரெண்டு பஸ்ஸுல வராங்க." அதோடு உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடந்த நிச்சயதார்த்தத்தின் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தாய். ஏதோ செயலியில் போட்டு அம்மாவின் முகத்தை வழுவழுப்பாக்கி, 'இந்த மாதிரி வந்துடும்' என்று கீழே எழுதியிருந்தாய். உன் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. என் சின்னத் தங்கச்சி மாதிரி இருக்கு," என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "தம்பிக்கு என் மூஞ்சி புடிக்கலையோ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டாள். "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல," என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அன்பாகத்தான் சொன்னாய். கல்யாணத்தன்று மாதா கோவிலில் உன் தாய் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாய். ஆனால் அந்த ஆசைக்கு அடியில் ஒரு சின்ன வெட்கம் ஒளிந்திருக்கிறது. அதை நான் கண்டுபிடித்துவிட்டேன். எனக்குள் வருஷக்கணக்காக வளர்ந்த சரக்கு அது, எனக்கு அடையாளம் தெரியாதா? என்னிடமிருந்து உனக்கு வந்த மூக்கு, உயரம், சீக்கிரம் நரைக்கிற முடி இவற்றோடு இதுவும் வந்துவிட்டதோ என்றுதான் பயப்படுகிறேன். அதனால் உனக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்லப்போகிறேன்.

உன் அம்மா என்னைவிட இரண்டு வயது இளையவள். இதை நீ நம்பக் கஷ்டப்படுவாய், பலர் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். கல்யாணத்தன்று எங்கள் இருவரையும் பார்த்தவர்கள், பெண் மாப்பிள்ளைக்கு ரொம்பச் சின்னவளாகத் தெரிகிறாளே என்றுதான் பேசிக்கொண்டார்கள். பதினாறு வயதிலேயே அவள் தோட்டத்துச் செம்பனை நாற்றுப் பண்ணைக்கு வேலைக்குப் போனவள். ரப்பர்க் காட்டில் பால் வெட்டுகிறவர்களுக்காவது தலைக்குமேல் நிழல் இருக்கும். நாற்றுப் பண்ணையில் மரமே கிடையாது. இடுப்பு உயரத்துக்குக் கன்றுகள், கறுப்பு நெகிழிப் பைகள், மேலே வானம், அவ்வளவுதான். மண் நிரப்ப வேண்டும், புல் பிடுங்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் தொப்பி போட்டுக்கொள்வாள். ஆனாலும் வெயில் தரையிலிருந்தும் பைகளிலிருந்தும் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். நீ பிறந்த வருஷம் நான் கூலிம் ஃபேக்டரியில் சேர்ந்தேன். தூசியில்லாத அறையில் தலையோடு மூடிய வெள்ளை உடுப்பு போட்டு நிற்கிற வேலை, கண் மட்டும்தான் வெளியே தெரியும். விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பிறகு வெளியே வருவேன். வருஷக்கணக்கில் என் முகத்தில் வெயிலே படவில்லை. ஒரே வீட்டில், ஒரே சோற்றைச் சாப்பிட்டு, இரண்டு முகங்கள் இரண்டு வேகத்தில் வயதாகிக்கொண்டிருந்தன. எனக்கு அது என்னுடைய சாமர்த்தியம் என்று நினைப்பு.

நான் அழகு பார்க்கிற ஆள் என்பது உனக்குத் தெரியும். மீசைக்குச் சாயம் பூசி, அது ஒத்துக்கொள்ளாமல் மேலுதடும் கன்னமும் பலாச்சுளை மாதிரி வீங்கி, தேள் கொட்டிவிட்டது என்று ஃபேக்டரியில் சொன்னவன் நான். நீ அன்று சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாய். உன் அம்மாதான் அந்த வாரம் முழுவதும் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். "இருக்கிற மூஞ்சி போதாதா உங்களுக்கு?" என்று கேட்டாள். எனக்குப் போதவில்லை. அவளுடைய முகமும் எனக்குப் போதவில்லை. நாற்பதைத் தொடுவதற்குள் அவளுக்குக் கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டது, மலாய்க்காரப் பெண்கள் ஜெராகட் என்பார்களே, அதுதான். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வெயிலில் பார்த்ததால் கண்ணோரம் கோடுகள் ஆழமாக இறங்கிவிட்டன. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டுக் கன்னம் ஒட்டிப்போனது. பல் கட்டிக்கொள் என்று நான் சொன்னதில்லை. கம்பெனியில் வருஷா வருஷம் குடும்பத்தோடு விருந்து நடக்கும். 'சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல' என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட்டுத் தனியாகப் போவேன்.

உன் ஆறாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லாப் பாடத்திலும் ஏ. தலைமையாசிரியர் உன்னைத் தோளோடு அணைத்துக்கொண்டாராம். அன்று அம்மாவைப் பண்ணையிலிருந்து பள்ளிக்கு அழைத்தார்கள். அவளிடம் அப்போது கைப்பேசி கிடையாது. சாயங்காலம் வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வேலை உடுப்போடு, ரப்பர்ப் பூட்ஸோடு, தலைத்துண்டோடு பஸ் ஏறிக் கூலிமுக்கு வந்துவிட்டாள். வழியில் ஒரு பொட்டலம் லட்டு வாங்கியிருக்கிறாள். காவல் கொட்டகையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். என் பகுதிக்குப் புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்திருந்தார், மலாய்க்காரர், நல்ல மனிதர். அவரும் நானும் சேர்ந்துதான் வெளியே வந்தோம். அவர் அவளைப் பார்த்ததும் காவலாளியிடம் சொல்லி ஒரு நாற்காலி கொண்டுவரச் செய்தார். மரியாதையாகக் குனிந்து அவளை உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் அம்மாவா?" என்று மலாயில் கேட்டார்.

மலாயில் ஆமாம் என்பதற்கு ஒரே எழுத்து போதும். "யா," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. அவர் கேட்ட வேகத்தில் அந்த எழுத்து வாயிலிருந்து விழுந்தது. விழுந்த பிறகு எடுத்திருக்கலாம். 'இல்லை, என் மனைவி' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார், எல்லாரும் சிரித்திருப்போம். நான் எடுக்கவில்லை. உன் அம்மாவுக்கு மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், ஒரு நொடிதான். பிறகு அந்த மேற்பார்வையாளரைப் பார்த்துச் சிரித்து, மலாயிலேயே சொன்னாள்: "என் பேரன் பரீட்சையில நல்லா பாஸ் பண்ணிட்டான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

பேரன் என்றாள், தம்பி. உன்னைப் பெற்றவள் உன்னைப் பேரன் என்றாள். நான் போட்ட பொய்யில் நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, நின்ற நிற்பில் அதற்குள் அவளும் வந்து நின்றாள். லட்டுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். "எல்லாருக்கும் குடுங்க தம்பி," என்றாள். என்னை அவள் தம்பி என்று கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போவதைப் பார்க்காமல் நான் உள்ளே போய்விட்டேன். லட்டைப் பங்கு வைத்தேன். பதினாறு பேர் எனக்குக் கைகொடுத்து உன்னை வாழ்த்தினார்கள். அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் உனக்குக் கோழிக்கறி சமைத்துவைத்திருந்தாள். நீ மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாய். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. வருஷா வருஷம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன். சிகரெட்டைச் சொல்லியிருக்கிறேன், பூசைக்கு வராமல் இருந்ததைச் சொல்லியிருக்கிறேன், கோபத்தைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவள் கடைசி வரிசையில், கதவோரம் போய் உட்கார்ந்தாள். அதுவரை நாம் மூன்று பேரும் இரண்டாம் வரிசையில் உட்காருவோம், நான் வாசகம் படிக்கப் பீடத்துக்குப் போக வசதியாக இருக்கும் என்று. "ஏம்மா அங்க உக்காந்துட்ட?" என்று நீ கேட்டாய். "இங்கதான் காத்து வருது," என்றாள். நீ நம்பினாய். எனக்கு நம்ப வசதியாக இருந்தது.

அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் அந்தக் கிரீம் வந்தது. பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், ஒரு மேசை போட்டு விற்கிறவளிடம் வாங்கியிருக்கிறாள். வெள்ளை மூடி, மஞ்சள் கிரீம், டப்பாவில் யார் செய்தது என்ற பெயரோ பதிவு எண்ணோ எதுவும் இல்லை. படுக்கப் போகுமுன் பூசிக்கொள்வாள். இரண்டு மாதத்தில் முகம் வெளுத்தது. மங்கு மறைந்தது, தோல் கண்ணாடி மாதிரி மின்னியது. கோவிலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "என்னக்கா, சின்னப் பொண்ணாயிட்டீங்க!" என்றார்கள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அடுத்த வருஷ டிசம்பரில் அவளைக் கம்பெனி விருந்துக்கு அழைத்துப் போனேன். ரோஸ் நிறப் புடவை கட்டியிருந்தாள். என் பகுதி ஆட்கள் வேறு மேசையில் இருந்தார்கள், மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். என் மேசையில் இருந்த ஒவ்வொருவரிடமும், 'இது என் சம்சாரம்' என்று சொன்னேன். அன்று அவளுக்குப் புரிந்துவிட்டது, எந்த முகம் இருந்தால் நான் அவளை யார் என்று சொல்வேன் என்று. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன்: முதல் டப்பாவைத்தான் அவள் வாங்கினாள். தீர்ந்ததும் அடுத்ததை நான் வாங்கி வந்தேன். அதற்கடுத்ததையும் நான்தான்.

மிச்சத்தை நீயே பார்த்தாய். நீ மூன்றாம் பாரத்தில், பதினைந்து வயதில், இருந்தபோது அவள் முகம் சிவந்து, உரிந்து, மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பித்தன. வெயிலில் நின்றால் மிளகாய் பூசினதுபோல் எரிகிறது என்பாள். பூசுவதை நிறுத்தினால் இரண்டே நாளில் வீங்கிவிடும், அதனால் மறுபடியும் பூசுவாள். "அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?" என்று நீ கேட்டபோது, பண்ணையில் அடிக்கிற மருந்து பட்டுவிட்டது என்று சொன்னேன். நீ சும்மா இருக்கவில்லை. தோட்ட நிர்வாகத்துக்கு மலாயில் ஒன்றரைப் பக்கம் புகார்க் கடிதம் எழுதினாய். 'என் தாயாரின் முகத்துக்கு நேர்ந்த கேட்டுக்கு யார் பொறுப்பு?' என்று அதில் ஒரு வரி இருந்தது. தபாலில் சேர்க்கிறேன் என்று உன்னிடம் வாங்கிக்கொண்டு போய்க் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். பதில் வரவில்லையே, தோட்டத்துக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று நீ ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் தலையாட்டினேன்.

கடைசியில் அரசாங்க மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயதுத் தமிழ் டாக்டரம்மா. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இதுல பாதரசம் இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். சோதிச்சாத்தான் தெரியும். யார் ஆண்டி வாங்குனது இத?" என்று கேட்டார். உன் அம்மா என் பக்கம் திரும்பாமல், "நாந்தான் டாக்டர்," என்றாள். "வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டபோது, "அவரு வேலைக்குப் போயிடுவாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். பாதரசம் சிறுநீரகத்தையும் கெடுக்குமாம். நல்லவேளை, கெடுக்கவில்லை.

பிறகு அந்த டாக்டரம்மா, "கைய மேல தூக்குங்க ஆண்டி," என்றார். அம்மா தூக்கினாள். ரவிக்கைக் கையைச் சுருட்டி, மேல்கையின் உள்பக்கத்தைக் காட்டினார். "இதப் பாருங்க. இதுதான் உங்க வயசு. இங்க வெயிலே பட்டதில்ல. மூஞ்சில இருக்கிறதுல முக்காவாசி வயசே இல்ல, வெயில்." நானும் பார்த்தேன். அந்த இடம் அத்தனை மிருதுவாக, சுருக்கமில்லாமல், ஒரு திட்டு இல்லாமல் இருந்தது. கல்யாணமாகி வந்தபோது நான் பார்த்த அந்தப் பெண்ணின் தோல் அது. எனக்கு வெளியே எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

அந்தக் கிரீமை நிறுத்தியதில் அவள் பட்ட பாட்டை எழுத மாட்டேன். இரண்டு மாதம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். சிவப்பு மெல்ல அடங்கியது. மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்து தங்கிவிட்டது. நீ இரண்டு ஷேட் வெளுப்பாகப் பூசி மறைக்கச் சொன்ன திட்டு அதுதான். ஃபேஷியலுக்குக் கூட்டிப் போகவும் முடியாது. அவள் தோல் மெலிந்துவிட்டது, தேய்த்தாலோ ப்ளீச் போட்டாலோ மறுபடி கிளம்பிவிடும் என்று அப்போதே எச்சரித்து அனுப்பினார்கள்.

அந்த டாக்டரம்மா சொன்னவற்றை நான் கேட்டுக்கொண்டது அவளுக்காக. ஆனால் உனக்கும் அவை வேண்டும். நீ ஜொகூரில் சாலை போடுகிற இடத்தில் நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறாய். போன தடவை வந்தபோது உன் மூக்கும் கன்னமும் அடுப்பங்கரைச் சுவர்போல் கறுத்திருந்தன, இருபத்தொன்பது வயதில் நெற்றியில் கோடு விழுந்திருக்கிறது. சன்ஸ்கிரீன் என்பது பெண்கள் சமாச்சாரம் என்று நினைக்காதே. மேகமாக இருந்தாலும் காலையில் பூசு. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். மத்தியானம் வியர்த்து வழிந்த பிறகு துடைத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டும். ஹெல்மெட்டுக்குப் பின்னால் கழுத்துத் துணி மாட்டிக்கொள். சாயங்காலம் துணி துவைக்கிற சோப்பு மாதிரி காரமானதைப் போட்டுத் தேய்க்காமல் மென்மையானதில் கழுவி, ஈரம் காயுமுன் சாதாரண ஈரப்பதக் கிரீம் கொஞ்சம் தடவு. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். சிகரெட்டை விடு, நீ பிடிப்பது அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வாயைச் சுற்றிச் சீக்கிரம் சுருங்குவது அதனால்தான். ஆறாத புண்ணோ, உருமாறுகிற மச்சமோ இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டு. பல்லைக் காப்பாற்று, பல் போனால் கன்னம் போய்விடும். ஸ்டெல்லாவுக்குப் பல் வலித்தால் பிடுங்கிவிட்டு வரட்டும் என்று விடாதே, கூடப் போ.

இதெல்லாம் செய்தாலும் வயது வரத்தான் செய்யும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது, வாயின் இரண்டு பக்கமும் சதை இறங்கிவிட்டது. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பும் எலும்புமே குறைந்துபோகுமாம், அதற்கு யார் என்ன செய்ய முடியும்? இப்போது கண்ணாடியில் பார்க்கிறபோது, இந்த முகத்தைக் காப்பாற்றவா அன்றைக்கு அப்படிச் சொன்னேன் என்று தோன்றுகிறது.

இனி நீ இத்தனை நாள் மனதில் வைத்திருப்பதற்கு வருகிறேன். உன் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா வரவில்லை. பெற்றோருக்கு இரண்டு இருக்கை கொடுத்திருந்தார்கள். மண்டபத்து வாசலில் கறுப்பு அங்கியோடு நின்று, "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாய். "லீவு கிடைக்கலப்பா," என்றேன். உன் முகம் சுண்டிப்போனது. பண்ணைக் கன்றுகள்தான் அவளுக்குப் பெரிதா என்று அன்று என்னிடம் கேட்டாய். அதற்குப் பிறகு அவளோடு நீ பேசுவதே குறைந்துபோனது. அவள் லீவு கேட்கவே இல்லை, தம்பி. கேட்கத் தேவையில்லை, அன்று அவளுக்கு வேலையே இல்லை. முந்தின நாள் புடவையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவைத்திருந்தாள். என்னிடம் வந்து, "அங்க பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க. யாராச்சும் நான் யாருன்னு கேட்டா?" என்று இழுத்தாள். பதில் சொல்ல எனக்குக் கிடைத்த வாய்ப்பு அது. என் மனைவி என்று சொல்வேன், இவனைப் பெற்றவள் என்று சொல்வேன் என்றிருக்கலாம். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் இஷ்டம்," என்றேன். காலையில் புடவை பீரோவுக்குத் திரும்பிப் போயிருந்தது. தலைவலி என்றாள். மண்டபத்தில் அவள் இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டு உனக்குக் கை தட்டினேன். ஆறு வருஷமாக நீ அவள்மேல் வைத்திருக்கிற வருத்தம் முழுவதும் என்னுடையது. அதை அவள்மேல் சுமத்திவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

உன் படம் வந்த மறுநாள் மத்தியானம் அவள் அடுக்களையில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் கழித்து, "அன்னிக்கி ஃபேக்டரிக்கு வந்தியே..." என்று தொடங்கினேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"அதுக்கென்ன இப்ப?" என்றாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியுது."

"உனக்குக் கோவம் இல்லையா?"

கிள்ளுவதை நிறுத்தினாள். "கோவம் இருந்தா ஒரு நாள் சண்ட போட்டு முடிச்சிருப்பேன். எனக்குப் பயம் வந்துடுச்சிங்க. அடுத்து ஒருத்தர் கேட்டா என்னா சொல்லுவீங்களோன்னு. பையன் பக்கத்துல நிக்கும்போது யாராச்சும் கேட்டு, நீங்க அப்படிச் சொல்லி, அவனும் அதக் கேட்டுக்கிட்டு நின்னான்னா? அதான் எங்கயும் வர்றதில்ல."

எனக்கு அழுகை வந்தது. நெத்திலி கையோடு கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, குழாயடிக்கு ஓடினேன். அவள் வந்து தண்ணீர் ஊற்றினாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். அதற்காகவே கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க. ஆனா எனக்குப் படிச்சுக் காட்ட வேணாம்," என்றாள். கல்யாணத்தன்று முதல் வரிசைக்கு வருவாயா என்று கேட்டேன். அவள் மறுபடியும் நெத்திலிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "நீங்க கூப்ட்டா வரமாட்டேன்," என்றாள். "அவன் கூப்ட்டா வரேன்."

ஆகவே தம்பி, நீ கூப்பிடு. கைப்பேசியில் வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வா. என்னிடம் பேச வேண்டும் என்றில்லை, நான் வெளியே போய்விடுகிறேன். அவள் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கூப்பிடு.

உன் அப்பா